பயிற்சியாளரின் மேன்மையை எதைக்கொண்டு அளப்பது?
கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1. வழக்கு

மாலை ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கலைந்தபின், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் மைதானத்து ஓரத்தில் ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும். இருபது முப்பது ஆண்டுகளாக ஒரே கல்லூரி அணியை, அல்லது ஒரே மைதானத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு மாஸ்டரின் பெயர் அதில் அடிபடும். அவரைப்போல் இன்னொருவர் இல்லை என்று ஒருவர் சொல்வார். "எத்தனை கப் அடித்தார்?" என்று மற்றவர் கேட்பார். முதலாமவர் உடனே ஆட்களை அடுக்குவார்: இன்னார் ரயில்வேயில் இருக்கிறார், இன்னார் காவல் துறையில் சேர்ந்துவிட்டார், இன்னார் மாநில அணிக்கு ஆடினார். "அதெல்லாம் அந்தப் பையனுடைய திறமை" என்று பதில் வரும். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இந்த வழக்கு தீராததற்குக் காரணம், இரு தரப்பும் இரு வேறு அளவுகோல்களை வைத்துக்கொண்டு ஒரே அளவுகோலில் பேசுவதாக நினைப்பதுதான். ஒருவர் கோப்பையை எண்ணுகிறார். மற்றவர் மாணவர்களை எண்ணுகிறார். இரண்டில் எது எவ்வளவு தாங்கும் என்பதை இக்கட்டுரை சோதிக்கிறது. கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த விவாதம் மிக விரிவாக நடந்திருக்கும் அமெரிக்காவிலிருந்து தொடங்கி, கடலூரின் பெண்கள் கால்பந்துக்கு வருகிறேன். கோப்பைக் கணக்கு பெரும்பாலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைத்தான் அளக்கிறது என்பதே என் நிலைப்பாடு. மாணவர் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

2. கோப்பைக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டக்காரர் அதிகபட்சம் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவார். பயிற்சியாளர் நாற்பது ஆண்டுகள்கூட இருப்பார். அதனால் அங்கே இரசிகர்களின் பக்தியும் சண்டையும் பயிற்சியாளரைச் சுற்றியே நடக்கின்றன. அந்தச் சண்டையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புபோல் காட்டப்படுபவர் ஜான் வுடன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணிக்கு 1948 முதல் 1975 வரை பயிற்சியளித்த அவர், 1964 தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துத் தேசியப் பட்டங்கள் வென்றார். நடுவில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வெற்றி.

இதற்கு நேரெதிரே நிறுத்தப்படுபவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் போஹெய்ம். 1976 முதல் 2023 வரை 47 பருவங்கள். பட்டம் ஒன்றே ஒன்று, 2003இல். வட கரோலினாவின் டீன் ஸ்மித் 879 ஆட்டங்களை வென்றும், இருபது பருவங்கள் பட்டமில்லாமல் கழித்து 1982இல்தான் முதல் பட்டத்தைத் தொட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் ஓய்வு பெற்றிருந்தால், 'நல்லவர்தான், ஆனால்...' என்ற வரிசையில் சேர்ந்திருப்பார்.

இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்நாட்டுத் தேசியப் பட்டத்துக்கான போட்டி, தோற்றால் வெளியே என்னும் நாக் அவுட் முறை; பட்டம் வெல்லத் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 விழுக்காடு வெற்றி வாய்ப்புள்ள மிக வலுவான அணியை எடுத்துக்கொள்வோம். அது ஆறையும் வெல்லும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடுதான். நாட்டின் தலைசிறந்த அணியாக இருந்தும் நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்புவது இயல்பு. நம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டிகளும் நாக் அவுட் சுற்றுகளோடுதான் தொடங்குகின்றன. தென்மண்டலத்துக்குப் போய் முதல் நாளே திரும்பிய அணியின் பயிற்சியாளரைப் பற்றி அந்த ஒரு தோல்வி எதுவும் சொல்வதில்லை.

அதிர்ஷ்டத்தைவிடப் பெரிய விஷயம் ஆள்தேர்வு. அங்கே பயிற்சியாளரே உதவித்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளி இறுதி மாணவனின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு பேசி அழைத்து வருவார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று அறியப்பட்டவர் நியூயார்க்கிலிருந்து வுடனிடம் வந்து மூன்று பட்டங்களில் ஆடினார். பில் வால்டன் இரண்டில் ஆடினார். பத்தில் ஐந்து இவ்விருவரின் உயரத்தில் நின்றவை என்று வாதிடலாம். ஆனால் மற்ற ஐந்தும் அவர்கள் இல்லாமல் வந்தவை. அதிலும் 1964இன் அணியில் தொடக்க ஐவரில் ஒருவரும் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. எனவே வுடனுடைய மேன்மைக்குச் சான்று கேட்டால் நான் பத்துப் பட்டங்களைக் காட்ட மாட்டேன். அந்த 1964 அணியைக் காட்டுவேன்.

கடலூர், சிதம்பரம் பயிற்சியாளருக்கு இந்த அதிகாரம் தலைகீழாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை அவர் வளர்த்த உயரமான பையனை, கட்டண விலக்கு, விடுதி, சாப்பாடு எல்லாம் தருவதாகச் சொல்லிச் சென்னையின் தனியார் பல்கலைக்கழகம் அழைத்துக்கொள்கிறது. பையனுக்கு அது நல்லது. போகாதே என்று சொல்லும் மாஸ்டரை நாம் மதிக்கவும் மாட்டோம். ஆனால் அதன்பின் அவன் வெல்லும் கோப்பை சென்னைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். எண்ணுபவர்கள் அந்த அலமாரியைத்தான் எண்ணுவார்கள்.

3. மாணவர் கணக்கு

கோப்பைக் கணக்கின் வறுமையை அம்பலப்படுத்தும் ஓர் உண்மை கூடைப்பந்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், பின்னர் கான்சஸ் பல்கலைக்கழக அணிக்கு 1907 வரை பயிற்சியாளராக இருந்தார். வென்றவை 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. ஆனால் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர்கள், கென்டக்கியில் நான்கு பட்டங்கள் வென்ற அடால்ஃப் ரப்பும் மேலே சொன்ன டீன் ஸ்மித்தும். அமெரிக்கக் கூடைப்பந்தின் பாதி வம்சாவளி, தோற்ற ஒருவரிடமிருந்து கிளைத்தது.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டின் இன்னொரு கிளை நம் பக்கம் வந்தது. அங்கே படித்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவர்களில் ஒருவர். பக் வென்ற கோப்பைகள் எவை என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய கல்லூரியில் படித்து ஊர் ஊராகப் பரவிய 'பி.டி. மாஸ்டர்'கள்தான் அவருடைய கணக்கு. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையும் எங்கள் வட்டாரத்தில் இதே வேலையைப் பின்னாளில் செய்தது. அங்கே பட்டம் பெற்றவர்கள் கடலூர் மாவட்டப் பள்ளிகளில் நெடுக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பேராசிரியரின் மேன்மை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் தென்படாது.

இப்படி எண்ணுவது தமிழருக்குப் புதிதல்ல. இசையில் நாம் வெகுகாலமாக இப்படித்தான் எண்ணிவருகிறோம். அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்லூரியின் பொறுப்பில் இருந்தவர் டைகர் வரதாச்சாரியார். இனிய குரல் அவருக்கு வாய்க்கவில்லை என்பதை அவரைக் கொண்டாடியவர்களே மறுக்கவில்லை. ஆயினும் ஆசிரியராக அவருடைய இடத்தை யாரும் ஐயுறுவதில்லை. கலாக்ஷேத்ராவில் அவரிடம் பயின்ற எம்.டி. இராமநாதன் ஒருவரே அந்த வழக்கில் போதிய சாட்சி. குருவுக்குக் கச்சேரிக் கணக்கு பார்க்காத நாம், விளையாட்டு மாஸ்டருக்கு மட்டும் கோப்பைக் கணக்கு பார்ப்பது வேடிக்கைதான்.

ஆனால் மாணவர் கணக்குக்கு ஒரு தீராத நோய் உண்டு: உரிமை கோருபவர்கள் அதிகம். ஓர் ஆட்டக்காரி மாநில அணிக்குப் போகும்போது, பள்ளி உடற்கல்வி ஆசிரியர், கிளப் மாஸ்டர், விளையாட்டு விடுதிப் பயிற்சியாளர், கல்லூரி உடற்கல்வி இயக்குநர், முகாமில் பத்து நாள் பார்த்தவர் என ஐந்து பேர் "என் பிள்ளை" என்பார்கள். ஐவரும் பொய் சொல்லவில்லை. அவளுக்கு முதல் முறை பந்தைக் கொடுத்தவருக்கும் கடைசி மெருகு போட்டவருக்கும் பங்கை எப்படிப் பிரிப்பது? 1985இல் தொடங்கிய துரோணாச்சாரியார் விருது இந்தக் கேள்வியைக் கடைசிப் பயிற்சியாளரின் பக்கமாகவே பெரிதும் தீர்த்துவந்திருக்கிறது. பன்னாட்டுப் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவரே கண்ணில் படுவார்.

4. கடலூர்ச் சான்று

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்தில் நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அடுத்து மிகுதியான உயிர்களை இழந்தது கடலூர் மாவட்டம். 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு காப்பகம் அமைந்தது. அந்தப் பின்னணியில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தவராகப் பத்திரிகைகளில் அறியப்பட்டவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். அவருடைய இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட முறை மணிப்பூர் ஆண்ட தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. இவ்வளவும் பொதுவில் பதிவானவை.

இதை வைத்து மாரியப்பன் மேன்மையான பயிற்சியாளர் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

வழக்கமான காரணம் இரக்கத்திலிருந்து பிறக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் பற்றிய செய்திக் கட்டுரைகள் அலையில் தொடங்கி, அனாதை இல்லத்தின் வழியே நீலச் சட்டையில் முடியும். பயிற்சியாளர் இரட்சகராக வருவார். அவர் எந்த ஆட்ட அமைப்பைக் கற்றுக்கொடுத்தார், மணலிலா புல்லிலா ஓடவிட்டார், உதைக்கத் தெரியாத பத்து வயதுப் பெண்ணுக்கு முதல் மாதம் என்ன செய்தார் என்ற கேள்விகள் வராது. அதாவது அவருடைய தொழிலே அதில் இல்லை. கோப்பைக் கணக்கைப் போலவே இந்த இரக்கக் கணக்கும் பயிற்சியாளரைப் பார்க்காமல் அவரைப் புகழ்கிறது. அந்தப் பெண்களுக்கும் அது நியாயம் செய்வதில்லை. இருபத்தைந்து வயதில் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடுகிறவரைப் பத்து வயதின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேயே நிறுத்திவைக்கிறது.

வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. சந்தியாவின் ஊரான பண்ருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்போன உள்நாட்டு ஊர். அலை அங்கே வரவில்லை. அவர் குடும்பச் சூழலால் கடலூரின் அரசு விடுதியில் தங்கிப் படிக்கப் போய், அங்கே மூத்த பெண்கள் ஆடுவதைப் பார்த்துப் பந்தைத் தொட்டவர். பேரிடருக்காக ஏற்பட்ட ஒரு மைதானம், பேரிடரோடு தொடர்பில்லாத ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டது. நிவாரணத்துக்கு ஒரு முடிவு உண்டு. நிதி தீர்ந்தால் அதுவும் தீரும். பழக்கம் அப்படியல்ல. மூத்தவள் ஆடுவதைப் பார்த்து இளையவள் வந்து நிற்கும் மைதானத்தை உருவாக்கியவருக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். உருக்கத்தில் இது அந்தச் செய்திக் கட்டுரைகளுக்கு ஈடாகாது. சான்றாக எடுத்தால் அவற்றைவிடத் தாங்கும்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. அன்று தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடியவர்களே குறைவு; போட்டி நெருக்கடி இல்லாத ஆட்டத்தில் மாநில அணி, தேசிய அணி என்று ஏறுவது கூடைப்பந்தைவிட எளிதல்லவா? 19 வயதில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியாகி, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை வந்த வழி இதைவிட நெரிசலானது. ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரம் கேட்காத, தளம் போடப்பட்ட ஆடுகளம் கேட்காத, ஒரு பந்தும் வெட்டவெளியும் போதுமான ஆட்டம் அந்தப் பிள்ளைகளுக்கு அமைந்தது, திட்டமிட்டதோ தற்செயலோ, சரியான தேர்வு. கையில் இருக்கும் ஆட்களுக்குப் பொருந்தும் ஆட்டத்தைப் பிடிப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

5. படிவக் கணக்கு

பெற்றோரிடம் கேட்டால் கோப்பையையும் சொல்ல மாட்டார்கள், மாணவ பரம்பரையையும் சொல்ல மாட்டார்கள். "எத்தனை பேருக்கு ஃபார்ம் வாங்கிக் கொடுத்தார்?" என்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போக, நாட்டுக்கு ஆடியவருக்கு ஒன்றாம் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு இரண்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடியவருக்கு மூன்று, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு நான்கு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் இந்த ஒதுக்கீடு 2 விழுக்காட்டிலிருந்து 3 ஆக உயர்ந்தபின் இந்தக் காகிதத்தின் கனம் கூடியிருக்கிறது. இந்துமதி காவல் துறையில் உதவி ஆய்வாளர். பெருந்தொற்றுக் காலத்தில் சென்னையில் பணியில் நின்றார். கடலோரக் குடும்பத்துக்கு இதைவிடக் கண்கூடான கோப்பை எது?

படிவக் கணக்கை ஏளனமாகப் பேசும் விளையாட்டு ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பேசுகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு சம்பளம் இருக்கும். எனினும் இந்த அளவுகோல் ஆட்டத்தை வளைக்கிறது என்பதும் உண்மை. போட்டி குறைந்த விளையாட்டைத் தேடி ஓடவைக்கிறது. கடைசி ஐந்து நிமிடம் இறங்கினாலும் சான்றிதழ் ஒன்றுதான் என்பதால் மாற்று ஆட்டக்காரர் பட்டியலுக்குச் சிபாரிசு வருகிறது. வேலை கிடைத்த மாதமே காலணி பரணுக்குப் போகிறது. பயிற்சியாளர் அந்தச் சிபாரிசை எப்படி எதிர்கொண்டார் என்பதை மைதானத்தில் எல்லோரும் அறிவார்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது.

6. எண்ண முடியாதவை

ஒரு பயிற்சியாளர் எவ்வளவு வளர்த்தார் என்று அளக்கும் சிக்கல் சதுரங்கத்தில் பாதி தீர்ந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சாரியார் விருது பெற்ற ஆர்.பி. ரமேஷிடம் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் எந்தத் தரப்புள்ளியோடு வந்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஏறினார்கள் என்பது உலகம் முழுக்கப் பார்க்கக்கூடிய பதிவு. வந்த இடமும் சேர்ந்த இடமும் தெரிந்தால் நடந்த தூரம் தெரியும். குழு விளையாட்டில் அப்படித் தரப்புள்ளி கிடையாது. ஆனால் எந்த வயதில் யார் வந்தார், எத்தனை ஆண்டு தொடர்ந்தார், ஏன் நின்றார் என்று ஒரு நீண்ட நோட்டில் எழுதிவைக்க எந்தக் கல்லூரிக்கும் தடையில்லை. நம் மாவட்டப் போட்டிகளில் வென்ற அணியின் பெயரைச் செய்தித்தாள் போடும். தோற்ற அணிக்கு யார் பயிற்சியாளர் என்பது மறுநாளே மறந்துபோகும். இந்தச் சான்றில்லாமையில்தான் மைதானத்து ஓரத்து வழக்கு ஆண்டுக்கணக்காக உயிர் வாழ்கிறது.

இன்னொன்று, கழித்தல் குறியாகப் போட முடியாதது. இண்டியானாவின் பாப் நைட் 902 ஆட்டங்களும் மூன்று தேசியப் பட்டங்களும் வென்றவர். மாணவர்களிடம் நடந்துகொண்ட முறைக்காகத் தொடர்ந்து குற்றம்சாட்டப்பட்டு 2000இல் நீக்கப்பட்டார். 2021இல் சென்னையின் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானபோது, அவர் உருவாக்கிய வீராங்கனைகளின் பட்டியல் பலருக்கும் மனப்பாடமாக இருந்தது. விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அணியில் இடம், சாப்பாடு, படிவம் மூன்றும் ஒருவர் கையில் இருக்கும்போது, அந்தக் கை எப்படிப்பட்டது என்பது நூறு மதிப்பெண்ணில் பத்துக்கான கேள்வி அல்ல. அதைத் தாண்டிய பிறகுதான் மதிப்பெண்ணே தொடங்க வேண்டும்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். வுடனுக்கு முதல் பட்டம் பதினாறாம் பருவத்தில் வந்தது. பதினைந்து வெறும் பருவங்களை அவருடைய பல்கலைக்கழகம் பொறுத்துக்கொண்டது. கடலூர் மாவட்ட அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வு இருக்கிறது. அவர் விருத்தாசலத்துக்கோ காட்டுமன்னார்கோயிலுக்கோ போனால், எட்டாம் வகுப்பிலிருந்து திரட்டிய அணி அந்த ஜூன் மாதத்திலேயே கலைந்துவிடும். கல்லூரிகளிலும் தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உண்டு. ஒரே இடத்தில் முப்பது ஆண்டு நிற்க முடிந்தவருக்குத்தான் பரம்பரை உண்டாகிறது, அதைச் சுற்றித்தான் விவாதமும் உண்டாகிறது. ஆகவே, ஒரு மூத்த பயிற்சியாளரின் பெயர் அடுத்த முறை அடிபடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: அந்த முப்பது ஆண்டுகளை அவருக்கு யார் கொடுத்தார்கள்? ஒரு தலைமையாசிரியரா, ஒரு கல்லூரித் தாளாளரா, பதவி உயர்வு வேண்டாம் என்று தானே எழுதிக்கொடுத்த அவருடைய பிடிவாதமா? அவருக்குச் சமமாகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தும், கணவரின் வேலை மாறியதால் மூன்று ஆண்டுக்கொருமுறை ஊர் மாறிய பெண் ஆசிரியைகள் எத்தனை பேர், அவர்கள் விட்டுப்போன அணிகள் யார் கணக்கில் ஏறின?